சித்தி வரும் பக்கம்

பனி என்றால் என்னவென்று தாம்பரத்தில் வளரும் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மார்கழி விடியற்காலையில் சேலையூர் ஏரிமேல் புகை மாதிரி நிற்பதும் பனிதான். ஸ்னோ ஒயிட்டின் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே கொட்டுவதும் பனிதான். "ஃப்ரீசர்ல உள்பக்கம் வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கும்ல, அது வானத்துலேர்ந்து கொட்டினா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். நாலரை வயது மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்கூல் லீவு விட்டுடுவாங்க" என்றாள். அந்த அளவுக்குப் புரிந்தால் போதும் என்று பக்கத்தைத் திருப்பினேன்.

மற்றவை அவ்வளவு சிரமம் இல்லை. காடு எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜார்ஜ் டவுனிலிருந்து கிறித்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்ததிலிருந்து அந்த வளாகத்துப் புதர்க்காடு அப்படியே நிற்கிறது. மரங்களுக்கு இடையில் மான் தெரியும். ரயிலில் போகும்போது வண்டலூர் காப்புக்காட்டைக் காட்டி, "இந்த மாதிரிக் காட்டுலதான் ஸ்னோ ஒயிட்ட விட்டுட்டு வந்தாங்க" என்றால் கண் விரியும். விஷ ஆப்பிள் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஸ்டிக்கர் ஒட்டி, மெழுகு பூசி, பளபளவென்று இருக்கிற ஆப்பிளை எங்கள் வீட்டில் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் இருக்கிற படப் புத்தகங்களில் பாதி இங்கிலீஷ். நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கியவை கொஞ்சம். எடைபோட்டு விற்கிற வெளிநாட்டுப் பழைய புத்தகங்கள் கொஞ்சம். தாம்பரம் சண்முகம் சாலையில் ஸ்டேஷனரிக் கடை வாசலில் தொங்குகிற, அட்டையில் ஜிகினா ஒட்டியவை கொஞ்சம். தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கிறாள். ஆனால் சிண்ட்ரெல்லாவையும் ஸ்னோ ஒயிட்டையும் நாம் தேடிப்போய் வாங்க வேண்டியதே இல்லை. வாட்டர் பாட்டிலில் ஒட்டிக்கொண்டு, யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக் மேல் நின்றுகொண்டு, அவர்களாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பிறகு கதை கேட்பார்கள். நான் பக்கத்தில் இருக்கிற இங்கிலீஷைக் கண்ணால் வாசித்து, வாயால் தமிழில் சொல்வேன். ராத்திரி எட்டரை மணி, கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பு. ஆனாலும் இந்த மொழிபெயர்ப்பு வேலை எனக்குப் பிடித்திருந்தது, மூன்றாவது பக்கம் வரும்வரை.

மூன்றாவது பக்கத்தில் ராணி இறந்துவிடுகிறாள். ராஜா வேறு கல்யாணம் பண்ணிக்கொள்கிறார். வந்தவள் ஸ்னோ ஒயிட்டுக்கு என்ன உறவு? புத்தகத்தில் ஸ்டெப்மதர் என்று இருக்கிறது. தமிழில் என்ன சொல்வது?

மாற்றாந்தாய் என்று ஒரு சொல் இருக்கிறது. அதை நான் மனிதர்கள் வாயால் கேட்டதில்லை, செய்தித்தாளில்தான் பார்த்திருக்கிறேன். நிதி ஒதுக்கீடு வரவில்லை என்றால் மத்திய அரசுக்கு "மாற்றாந்தாய் மனப்பான்மை" வந்துவிடும். வீட்டில் யாரும் யாரையும் அப்படிச் சொல்வதில்லை. சிற்றன்னை பாடப்புத்தகச் சொல். நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்லக்கூடிய, நம் வாயில் இயல்பாக வருகிற சொல் ஒன்றுதான். சித்தி.

ஆனால் சித்தி என்றால் அம்மாவின் தங்கை. சித்தப்பாவின் மனைவியும் சித்திதான். லீவுக்குப் போனால் தலைபின்னிவிடுகிறவள், அம்மா திட்டும்போது நடுவில் புகுந்து நிறுத்துகிறவள். அந்தச் சொல்லே அப்பாவின் இரண்டாம் மனைவிக்கும் ஆகிவந்ததில் ஆச்சரியம் இல்லை. மூத்தவள் பிள்ளையை விட்டுவிட்டு இறந்துபோனால், "வெளியிலேர்ந்து ஒருத்தி வந்து பாத்துப்பாளா?" என்று கேட்டு, தங்கையையே கட்டிவைப்பது நம் ஊர்களில் வழக்கமாக இருந்தது. சித்தியாக இருந்தவள் சித்தியாகவே அந்த வீட்டுக்கு வந்தாள். கூப்பிடுகிற பெயர் மாறவில்லை, இருக்கிற இடம் மட்டும் மாறியது.

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். 1991-இல், எனக்கு மூன்று வயதில், மஞ்சள் காமாலையில் அம்மா இறந்தாள். அப்பாவுக்குத் தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை. அடுத்த வருஷம் அம்மாவின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். சித்திக்கு அப்போது இருபத்து நாலு வயது. நான் அவளை முன்பும் சித்தி என்றேன், பின்பும் சித்தி என்றேன். இன்று வரைக்கும் அப்படித்தான். அப்பா போனபிறகு எங்களோடு சேலையூரில் இருக்கிறாள். நானும் கணவரும் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் மகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான். நான் சித்தி என்பதைக் கேட்டு, மற்றவர்கள் பாட்டி என்பதைக் கேட்டு, இரண்டையும் சேர்த்து மகள் வைத்த பெயர் "சித்திப்பாட்டி".

அப்படிப்பட்ட வீட்டில், கட்டிலின் கால்மாட்டில் சித்தி உட்கார்ந்து மறுநாளைக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது, கொடுமைக்காரச் சித்தி வருகிற பக்கத்தை எப்படி வாசிப்பது?

*

ரயில்வே குடியிருப்பில் நான் வளர்ந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் என்னிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "சித்தி நல்லா பாத்துக்கிறாளா?" கேட்கும்போதே கை என் தலையைத் தடவும், கண் என் கைகால்களில் எங்காவது தழும்பு இருக்கிறதா என்று தேடும். நான் இளைத்திருந்தால் அதற்குக் காரணம் சித்தி. குண்டாக இருந்தால், "அப்படியே விட்டுட்டாடி, கவனிக்கிறதே இல்ல." முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வந்தால் சித்திக்குத்தான் முகம் வெளுக்கும். மஞ்சள் பூசுவதற்கு முன்னால், "எங்க விழுந்த, யாரு பாத்தாங்க?" என்று கேட்பாள். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று வெகுகாலம் எனக்குப் புரியவில்லை.

தம்பி பிறந்த பிறகு இன்னும் மோசம். பந்தியில், விசேஷ வீட்டில், யார் எதிரிலாவது சாப்பாடு போடும்போது முதல் தட்டு எனக்குத்தான் வரும். பண்டிகைக்கு என் துணி ஐம்பது ரூபாயாவது அதிகம் இருக்கும். தம்பிக்கு அதில் பெரிய கோபம். இன்றைக்கும் பெங்களூரிலிருந்து வந்தால், "மொதல்ல அக்காவுக்கு வைம்மா, ஊர் என்ன சொல்லும்" என்று தட்டை என் பக்கம் தள்ளிவிடுவான். சிரிப்பாகத்தான் சொல்வான். சித்தி சிரிக்க மாட்டாள்.

அவள் என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் ஒருநாள். அவள் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "தம்பிய நாலு சாத்து சாத்தியிருக்கேன். உன்ன அடிக்க முடியுமா? பெத்தவ அடிச்சா கண்டிப்பு. நான் அடிச்சா கொடுமை." கோபப்படுவதற்குக்கூட அவளுக்கு உரிமை இல்லாமல் இருந்திருக்கிறது. ஒரு கதை ஊர் முழுக்கப் பரவியிருக்க, அந்தக் கதையில் வருகிறவள் தான் இல்லை என்று முப்பது வருஷம் தினமும் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நிரூபித்துக்கொண்டிருந்தாள்.

கொடுமைக்காரச் சித்தி கதைகள் குழந்தைக்கு நல்லதுதான் என்று வாதிட்டவர்கள் உண்டு. உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1976-இல் தேவதைக் கதைகளைப் பற்றி எழுதிய புத்தகம் அந்த வகையில் புகழ்பெற்றது. குழந்தைக்குத் தன் அம்மாமேல் கோபம் வருகிறது, ஆனால் அம்மா நல்லவளாகவும் இருந்தாக வேண்டும். ஆகவே மனசு அவளை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. நல்ல பாதி இறந்துபோன அம்மா, கெட்ட பாதி சித்தி. கோபத்தையெல்லாம் சித்தி மேல் கொட்டிவிட்டால் அம்மா பத்திரமாக இருப்பாள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பெற்ற அம்மா மட்டும் இருக்கிற வீட்டுக்கு அது பொருந்தும். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள நிஜமாகவே ஒரு சித்தி இருக்கிற வீட்டில் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

*

கதைகளில் சித்தி எப்போது வந்தாள் என்று தேடிப் படித்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தங்கள் தொகுப்பின் முதல் பாகத்தை 1812-இல் வெளியிட்டார்கள். அந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் காட்டுக்கு அனுப்பிக் கொல்லச் சொல்கிறவள் அவளைப் பெற்ற அம்மா. ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலில் ஊசி குத்தி, பனிமேல் ரத்தம் சொட்ட, இப்படி ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டாளே, அவளேதான். ஹான்ஸல், க்ரெட்டல் கதையிலும் பஞ்ச காலத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சொல்கிறவள் சொந்த அம்மா. தொகுப்பைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கியதும் பதிப்புக்குப் பதிப்பு திருத்தம் நடந்தது. ஸ்னோ ஒயிட்டின் அம்மா 1819-இல் சித்தியானாள். ஹான்ஸலின் அம்மா 1840-ஆம் ஆண்டுப் பதிப்பில் சித்தியானாள். தாய் என்கிற பிம்பத்தின்மேல் கறை படக்கூடாது என்பதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1812-ஆம் ஆண்டுப் பதிப்பை முழுமையாக ஆங்கிலத்தில் படிக்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜாக் ஸைப்ஸ் மொழிபெயர்த்தார். அதற்குள் டிஸ்னியின் 1937-ஆம் வருஷத்துப் படம் வந்து, உலகம் முழுக்க அந்தச் சித்திக்கு ஒரே முகம் வந்துவிட்டது.

இதைச் சித்தியிடம் சொன்னேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்போ பெத்தவ பண்ணினத எங்க தலையில கட்டிட்டாங்களா?" என்றாள். பிறகு, "நம்ம ஊர்ல மட்டும் என்ன? நல்லதங்காள் கதையில கெணத்துல போட்டது யாரு? பெத்தவதானே. ஆனா ஊர் திட்டுறது மூளி அலங்காரிய" என்றாள்.

நான் அப்படி யோசித்ததே இல்லை. பஞ்சம், பசி, ஏழு பிள்ளைகள், அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணி சோறு போடவில்லை. கடைசியில் ஒவ்வொன்றாகக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதிக்கிறாள் நல்லதங்காள். வத்திராயிருப்புப் பக்கம் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. ஹான்ஸல் கதையில் இருக்கிற அதே பஞ்சம், அதே தீர்மானம். அங்கே பழி சித்திக்கு, இங்கே அண்ணிக்கு. வீட்டுக்குள் பிறக்காமல் வெளியிலிருந்து வந்த பெண் யாரோ அவள்மேல் அதைப் போட்டுவிட்டால் கதைசொல்கிறவருக்கு நிம்மதி. துருவனை அப்பா மடியிலிருந்து இறக்கிவிட்ட சுருசியும் அந்த வரிசையில்தான் நிற்கிறாள்.

ஆனால் தமிழில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 1966-இல் "சித்தி" என்று படம் வந்தது. பத்மினியும் எம்.ஆர். ராதாவும் நடித்தது. அதில் மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கு ஆதரவாக வருகிறவள் சித்தி. 1999 கடைசியில் சன் டிவியில் ராதிகாவின் "சித்தி" தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. ராத்திரி அந்த நேரத்தில் குடியிருப்பே அடங்கிவிடும். அந்த இரண்டு வருஷமும் பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் சித்தியிடம் பேசுகிற தோரணையே கொஞ்சம் மாறியிருந்தது. "உன்னப்பத்திதான் எடுத்திருக்கான் போல" என்று ஒரு அத்தை சொன்னதும் அவள் வெட்கப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. கதையால் கெட்ட பெயர் கதையாலேயே கொஞ்சம் சரியாகியது.

*

எனக்கு முதன்முதலில் படப் புத்தகம் காட்டியது சித்திதான். அப்போதெல்லாம் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சிகளில் மாஸ்கோவில் அச்சான புத்தகங்கள் சல்லிசாகக் கிடைக்கும். வழவழப்பான தாள், பெரிய படங்கள். சோவியத் யூனியன் 1991-இல் உடைந்தபிறகும் மிச்ச இருப்பு சில வருஷம் விற்றுக்கொண்டிருந்தது. அப்பா ஏதோ ஒரு கண்காட்சியிலிருந்து கொண்டுவந்த புத்தகம் "அழகி வசிலீஸா". இங்கிலீஷ் புத்தகம். சித்தி பத்தாவது வரை படித்தவள். மத்தியானம் எழுத்துக்கூட்டி வாசித்து வைத்துக்கொண்டு, ராத்திரி தமிழில் சொல்வாள்.

வசிலீஸாவின் அம்மா சாகும்போது மகளிடம் ஒரு சின்னப் பொம்மையைக் கொடுக்கிறாள். "யாருக்கும் காட்டாதே. கஷ்டம் வந்தால் இதற்குச் சாப்பாடு கொடு, பிறகு என்ன செய்வதென்று இதைக் கேள்." அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார். சித்தியும் அவள் பெண்களும் வசிலீஸாவை வாட்டுகிறார்கள். விளக்குக்கு நெருப்பு வாங்கிவரச் சொல்லி, நடுக்காட்டில் இருக்கிற பாபா யகாவிடம் அனுப்புகிறார்கள். கோழிக்கால்மேல் நிற்கிற வீடு. உரலில் ஏறிப் பறந்து, உலக்கையால் ஓட்டிக்கொண்டு வருகிற கிழவி. எங்கள் வீட்டுப் பின்பக்கமும் ஒரு உரல் கிடந்தது. அந்த வாரம் முழுக்க இருட்டினால் நான் பின்பக்கம் போகவில்லை. படங்கள் இவான் பிலிபின் 1900 வாக்கில் வரைந்தவை என்பது பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம், கண்ணில் நெருப்பு எரிகிற மண்டையோட்டைக் குச்சியில் செருகிப் பிடித்துக்கொண்டு காட்டோரம் நிற்கிற அந்தப் பெண் மட்டும்தான்.

அந்தக் கதையைச் சொல்லும்போது சித்தி எதையும் மழுப்பவில்லை. "அவ சித்தி ரொம்பக் கெட்டவ" என்றே சொன்னாள்.

"நீயா?" என்று கேட்டேனாம்.

"நான் எங்கடி? இவ ருஷ்யாக்காரி. தலையில பாரு, துணி கட்டியிருக்கா."

அந்தப் புத்தகம் இப்போது இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கீழ்த்தளத்தில் இருந்த எல்லாவற்றோடும் போய்விட்டது. சேற்றிலிருந்து எடுத்துக் காயவைத்துப் பார்த்தோம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

சமீபத்தில் அவளிடம் கேட்டேன். "ஊரே உன்ன அந்தக் கண்ணால பாத்துக்கிட்டிருந்துச்சு. அதுல போயி சித்தி கெட்டவளா வர்ற கதைய ஏன் திரும்பத் திரும்பச் சொன்ன? வேற கதையே இல்லையா?"

அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "அதுலதானே அக்கா வர்றா" என்றாள்.

செத்துப்போன அம்மா பொம்மையாக மகளின் பாக்கெட்டில் இருக்கிற கதை. கஷ்டம் என்றால் கூப்பிடலாம், ஒரு வாய் சோறு கொடுத்தால் பேசுவாள். மூன்று வயதில் அம்மாவை இழந்த பெண்ணுக்கு அந்தக் கதை வேண்டும் என்று சித்தி முடிவு செய்திருக்கிறாள். அதில் தனக்கு வில்லி வேஷம்தான் கிடைக்கும் என்று தெரிந்தே. அம்மா என் அம்மா மட்டும் இல்லை, அவளுக்கு அக்கா. இது எனக்கு உறைக்க முப்பது வருஷம் பிடித்தது.

*

ஸ்னோ ஒயிட் புத்தகத்தின் மூன்றாவது பக்கத்தில் நான் நிறுத்தி, சொல் தேடிக்கொண்டிருந்தபோது, கட்டிலின் கால்மாட்டிலிருந்து, "சித்தின்னு சொல்லேன், வேற என்ன" என்று குரல் வந்தது. சொன்னேன். "ராஜா திரும்பக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஸ்னோ ஒயிட்டுக்கு ஒரு சித்தி வந்தா."

மகள் படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் கிரீடத்தோடு நிற்கிற, புருவம் வில்லாக வளைந்த பெண்.

"இந்தச் சித்திக்கு மூக்குத்தி இல்ல" என்றாள். அவ்வளவுதான். "அப்புறம்?"

வாயால் மட்டும் சொல்கிற கதையில் சித்தி என்ற சொல் வந்தால், கேட்கிற குழந்தை தனக்குத் தெரிந்த சித்தியின் முகத்தைத்தான் அங்கே வைக்கும். அதற்கு வேறு முகம் தெரியாது. படப் புத்தகத்தில் அந்த இடம் காலியாக இல்லை. ஒருத்தி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருக்கிறாள், மூக்குத்தி இல்லாமல், அல்லது தலையில் துணி கட்டிக்கொண்டு. குடியிருப்புப் பெண்கள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர்கள் கையில் படம் எதுவும் இல்லை. சொல் மட்டும்தான் இருந்தது. அது நேராக வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

இதனால் இந்தப் புத்தகங்கள் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. படம் முகத்தைக் கொடுப்பதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. இளவரசிகள் எல்லோரும் ஒரே வெள்ளை. அழகு என்ற சொல்லும் அந்த முகத்தோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. அதற்கு எதிராகப் பேசத்தான் வேண்டியிருக்கிறது, பேசிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் சித்தி வருகிற பக்கத்தை நான் தாண்டிப்போவதில்லை. சொல்லை மாற்றுவதும் இல்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் யாருக்குச் சொந்தம் என்று மகளுக்குத் தெரியும்.

அவளுக்கு அந்தப் புத்தகத்தில் வேறு பக்கம்தான் பிடித்திருக்கிறது. ராணி ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருக்கிற முதல் பக்கம். கதை ஏழு குள்ளர்கள் வரைக்கும் போனபிறகும் திடீரென்று கொத்தாகப் பக்கங்களைத் திருப்பி முதலுக்கு வந்துவிடுவாள். "இங்க இருக்காங்க பாரு, ஸ்னோ ஒயிட் அம்மா." இறந்தவள் அங்கே எப்போதும் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது.

போன வாரம் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "சித்திப்பாட்டி, உங்க அக்காவும் தைப்பாங்களா?" என்று கேட்டாள். சித்தி கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். தைப்பாளாம். தையல் மிஷின் கிடையாதாம், கைத்தையல்தானாம். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைப்பாளாம், கண்ணாடி போட வெட்கப்பட்டுக்கொண்டு. அம்மாவுக்குக் கண் மங்கல் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மகள், "அப்புறம்?" என்றாள்.